மடல்வழி மருத்துவம்

நோயுற்றவன் மருத்துவனைத் தேடிச் செல்வான்; மருத்துவன் அவன் கைபற்றி நாடி பார்ப்பான்; நாவையும் கண்ணையும் நோக்குவான்; அதன் பின்னரே நோய் இன்னதெனத் துணிவான். உலகெங்கும் தொன்றுதொட்டு வரும் முறை இதுவே எனப் பலரும் எண்ணுவர். நோயாளியின் முகத்தையே காணாத ஒருவர், நெடுந்தொலைவிலிருந்து வந்த மடலை மட்டும் படித்துவிட்டு மருந்தெழுதி அனுப்பினார் என்று கேள்விப்பட்டால், அவரைப் போலி மருத்துவர் எனக் கூறவே நம் நா முந்தும். ஆயின், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அவ்வாறு செய்தவர்கள் போலிகள் அல்லர். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும், நூலாசிரியர்களும், தம் காலத்து மருத்துவ உலகம் தலைவணங்கிய பெருமக்களுமே அதனைச் செய்தனர். நேரிற் காண்பதினும் மடலிற் படிப்பது குறைந்தது என்னும் எண்ணம் அன்று இத்துணை வலிமை பெற்றிருக்கவில்லை.

இவ்வழக்கத்தின் வேர் மிகப் பழமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், சிசிலியானஸ் என்பவரின் மகன் வலிப்பு நோயால் வருந்தியபோது, அச்சிறுவன் உண்ண வேண்டுவன, விலக்க வேண்டுவன, உடற்பயிற்சி ஆகியவற்றை விளக்கி ஒரு மடல் எழுதினார். அம்மடல் இன்றும் அவர் நூல்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றது. பின்னர் பதின்மூன்றாம் நூற்றாண்டில், இத்தாலியின் பொலோனியா நகரில் மருத்துவம் கற்பித்த தத்தேயோ அல்தெரொத்தி போன்றோர், தனி நோயாளி ஒருவருக்கென எழுதிய அறிவுரைகள் இலத்தீனில் 'கன்சீலியம்' என்னும் பெயர் பெற்றன. அவை தொகுக்கப்பெற்று மாணவர்க்குப் பாடமாகவும் பயன்பட்டன. எனினும், அரசரும் செல்வரும் திருச்சபைத் தலைவரும் மட்டுமே பெறக்கூடியதாயிருந்த இவ்வசதி, ஓரளவு பொருள் படைத்த குடும்பங்கட்கும் எட்டியது பதினெட்டாம் நூற்றாண்டிலேதான். அஞ்சல் வழிகள் ஒழுங்குபட்டமையும், எழுதப் படிக்கத் தெரிந்தோர் தொகை பெருகியமையும் அதற்குக் காரணங்கள்.

அந்நூற்றாண்டின் மடல்வழி மருத்துவத்தை அறிய விரும்புவோர்க்கு ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரே தலைவாயில். அங்கு வாழ்ந்த வில்லியம் கல்லன் 1710 ஆம் ஆண்டில் ஹாமில்டன் என்னும் ஊரிற் பிறந்தவர். கிளாஸ்கோவில் ஆசிரியப் பணி தொடங்கி, பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வேதியியலும் மருத்துவமும் கற்பித்தவர். மருத்துவ விரிவுரை என்றால் இலத்தீன் மொழியில்தான் நிகழ வேண்டும் என்றிருந்த காலத்தில், கிளாஸ்கோவிலேயே அதனை ஆங்கிலத்தில் நிகழ்த்தத் துணிந்தவர் அவர். தாய்மொழிக் கல்விக்காகக் குரல் கொடுக்கும் ஆசிரியர்கள் இச்செய்தியை மனத்திற் குறித்துக்கொள்ளலாம். அயல்நாட்டு மாணவர் பலரும் அவர் வகுப்பை நாடி வந்தனர். அவர் எழுதிய மருந்துப்பொருள் நூலை 1790 இல் செருமன் மொழியிற் பெயர்த்த சாமுவேல் ஹானிமன், அதில் கொயினாப் பட்டையைப் பற்றிக் கண்ட விளக்கத்தில் ஐயங்கொண்டு அப்பட்டையைத் தாமே உண்டு பார்த்தார். பின்னாளில் ஓமியோபதி என்னும் முறை அந்த ஐயத்திலிருந்தே வளர்ந்தது. அது வேறு கதை.

கல்லன் தமக்கு வந்த மடல்களைக் கிழித்தெறியவில்லை. தாம் விடுத்த மறுமொழிகட்கும் படியெடுத்து வைத்துக்கொண்டார். 1755 முதல் அவர் மறைந்த 1790 வரை சேர்ந்த அவ்வகை மடல்கள் 5,000க்கும் மேற்பட்டவை. அவை எடின்பரோ அரச மருத்துவர் கல்லூரியிற் காக்கப்பெற்று வருகின்றன. தொடக்கத்தில் எழுத்தர் ஒருவர் ஒவ்வொரு மறுமொழியையும் கையாலேயே படியெடுத்தார். நீராவிப் பொறியைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் 1780 ஆம் ஆண்டில் மடற்படி எடுக்கும் அழுத்துபொறி ஒன்றுக்கு உரிமம் பெற்றார். தனிப்பட்ட மையால் எழுதிய தாளின்மீது ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், எழுத்துகள் அதில் தலைமாறிப் பதியும். தாளைத் திருப்பிப் பிடித்து அதன் ஊடாக நோக்கினால் நேராகப் படிக்கலாம். மறு ஆண்டிலேயே கல்லன் அப்பொறியை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். எழுபது வயதை எட்டிய முதியவர் புதுமைக் கருவியொன்றை இத்துணை விரைவில் ஏற்றுக்கொண்டதற்கு, அவர் மேசையில் நாள்தோறும் குவிந்த மடல்களே காரணமாதல் வேண்டும்.

காணாமலே மருந்து கூறுதல் எங்ஙனம் இயன்றது? இவ்வினாவுக்கு விடை அக்காலத்து மருத்துவக் கொள்கையில் உள்ளது. நோய் என்பது உடலின் ஓர் உறுப்பில் ஒளிந்திருக்கும் பழுது என்று அன்று பெரும்பாலோர் கருதவில்லை. ஒருவனுடைய பிறவி உடலமைப்பு, உணவு, உறக்கம், உழைப்பு, மனக்கவலை, அவன் வாழும் இடத்தின் காற்று இவையெல்லாம் சேர்ந்து விளைவிக்கும் நிலைகுலைவே நோய் எனப்பட்டது. கல்லன் நரம்பு மண்டலத்தின் ஆற்றலை முதன்மையாகக் கொண்டு விளக்கினார். 'நியூரோசிஸ்' என்னும் சொல்லை மருத்துவ உலகுக்கு வழங்கியவர் அவரே. இத்தகைய கொள்கை உடைய மருத்துவருக்கு நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்ப்பதினும் அவன் வரலாற்றைக் கேட்பதே தலையாய பணி. அவ்வரலாற்றை அவன் வாயாற் கூறினாலென்ன, எழுத்தாற் கூறினாலென்ன? எழுத்தில் ஒரு நன்மையும் உண்டு. மருத்துவர் முன்னிலையில் அஞ்சியும் நாணியும் மறந்தும் விட்டுப்போகும் செய்திகளை, நோயாளி தன் அறையில் அமர்ந்து, நினைத்து நினைத்து, நாட்கணக்கில் எழுதலாம்.

எனவே மடல்கள் நீண்டன. எத்தனை ஆண்டுகட்கு முன் முதல் வலி தோன்றிற்று, எந்த உணவுக்குப்பின் மிகுந்தது, தந்தைக்கும் அந்நோய் இருந்ததா, மலம் எத்தன்மையது, சிறுநீர் எந்நிறத்தது, நாடி நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கின்றது, இதுவரை உட்கொண்ட மருந்துகள் யாவை, அவற்றால் விளைந்த நன்மை தீமை யாவை என்றெல்லாம் எழுதினர். உள்ளூர் அறுவை மருத்துவரோ மருந்துக் கடைக்காரரோ தம் கணிப்பைத் தனித்தாளில் இணைத்தலும் உண்டு. இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று முரண்படுமாயின், எதனை நம்புவது என்னும் இடர்ப்பாடு எடின்பரோவில் இருந்தவருக்கு நேர்ந்தது. அவர் மறுமொழி விடுக்கும்போது நோயாளியைத் தேற்றவும் வேண்டும். உள்ளூர் மருத்துவரின் மதிப்பைக் குலைக்காமலும் இருக்க வேண்டும். மருத்துவத் திறனோடு சொல்லடக்கமும் அவருக்குத் தேவைப்பட்டது.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கின்றது. மடல்வழி மருத்துவத்தில் இந்நான்கும் சிதறிக் கிடந்தன. நோயாளி ஓர் ஊரில். மருத்துவர் மற்றோர் ஊரில். மருந்து பக்கத்து நகரத்துக் கடையில். இவற்றை இணைத்துக் கட்டிய கயிறு நான்காவதாகக் கூறப்பட்ட துணைவனே. மனைவிக்காகக் கணவன் எழுதினான். மகனுக்காகத் தந்தை எழுதினார். ஊர்ப் பாதிரியார் தம் சபையினருக்காக எழுதினார். எழுதத் தெரியாதவன் நோய், எழுதத் தெரிந்தவன் சொல்லிலேதான் மருத்துவரை அடைந்தது. தோட்டப்புறத்துத் தொழிலாளர்க்காக ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த தமிழாசிரியர்களை அறிந்தவர்கட்கு, எழுதுவோன் கை எவ்வளவு பொறுப்புடையது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அப்பொறுப்பை நன்குணர்ந்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் சாமுவேல் ஒகுஸ்த் திஸ்ஸோ (1728–1797). நாட்டுப்புற மக்களின் நலத்துக்கென அவர் 1761 இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டது. உழவர் அதனைத் தாமே படிப்பர் என அவர் எதிர்பார்க்கவில்லை. பாதிரியார், நிலக்கிழார், மருத்துவச்சியர் ஆகியோருடன் பள்ளி ஆசிரியர்களும் அந்நூலைக் கற்று ஏழைகட்கு உதவ வேண்டுமென அவர் விரும்பினார். மருத்துவருக்கு மடல் எழுதுவோர் தவறாது விடைகூற வேண்டிய வினாக்களின் பட்டியல் ஒன்றையும் நூலிற் சேர்த்தார். அகவை என்ன, முன்னர் உடல்நலம் எவ்வாறு இருந்தது, நோய் தொடங்கி எத்தனை நாளாயிற்று, உறக்கம் வருகின்றதா, வலி எவ்விடத்தில் என அவ்வினாக்கள் செல்லும். வினாவைச் செம்மையாக அமைத்தால் விடையும் செம்மையாக வரும் என்பது ஆசிரியர்கள் நன்கறிந்த உண்மை. திஸ்ஸோவுக்கும் மடல்கள் வந்து குவிந்தன; அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை லோசானில் இன்றும் உள்ளன.

மறுமொழிகளில் என்ன இருந்தது என்பதையும் நோக்க வேண்டும். கல்லன் முதலில் நோயைப் பற்றிய தம் கருத்தைக் கூறுவார். பின்னர் உணவு முறையை விரிவாக வகுப்பார்: இறைச்சியைக் குறைத்தல், பாலும் காய்கறியும் மிகுத்தல், மதுவை அளவோடு நிறுத்தல். குதிரையேற்றமோ நடையோ நாள்தோறும் வேண்டும் என்பார். குளிர் தாக்காமல் கம்பளி உள்ளாடை அணியச் சொல்வார். பாத் போன்ற ஊர்களின் ஊற்றுநீரைப் பருகி வருமாறு சிலரை அனுப்புவார். மருந்துச் சீட்டு தனியே, மருந்துக் கடைக்காரர்க்கு விளங்கும் இலத்தீனில் இருக்கும். மடல் சென்று சேர்வதற்குள் நோயின் நிலை மாறிவிடக்கூடும் ஆதலால், இவ்வாறாயின் இதனைச் செய்க, அவ்வாறாயின் அதனைச் செய்க எனக் கிளைகிளையாக எழுதுவதும் அவர் வழக்கம். இவற்றுட் பேதி மருந்தும் குருதி நீக்கமும் நன்மையினும் தீமையையே மிகுதியாக விளைத்திருக்கும் என்று இன்றைய அறிவு கூறும். கொயினாப் பட்டை முறைக்காய்ச்சலுக்கு உண்மையாகவே பயன்பட்டது. உணவும் உடற்பயிற்சியும் பற்றிய பகுதிகளை இன்றைய மருத்துவர் ஒருவர் படித்தால் பெரிதும் மறுக்கமாட்டார். அன்றைய மருந்துப் பெட்டியில் நோய் தீர்க்கும் பொருள் சிலவே இருந்தன என்பதை மனத்திற் கொண்டே அம்மருத்துவர்களை மதிப்பிடுதல் முறை.

அஞ்சலின் விரைவும் அன்றைக்கு ஏற்ற அளவினதே. 1784 இல் இங்கிலாந்தில் அஞ்சல் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1786 இல் இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஏறத்தாழ 60 மணி நேரத்தில் வண்டி வந்தது. அதற்கு முன்னர் இன்னும் நெடுநேரம். கட்டணம் தொலைவையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே அதனைச் செலுத்தினார். உறையில்லாமல் தாளையே மடித்து அரக்கு முத்திரை இட்டு அனுப்பினர். அந்த அரக்கை உடைக்கும் உரிமை மருத்துவர் ஒருவர்க்கே உண்டென்று நோயாளி நம்பினான்.

அந்நம்பிக்கை எப்போதும் காக்கப்பட்டதா என்பதற்கு, ஆங்கில அகராதியின் ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை நல்ல சான்று. 1729 ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்பிய மாணவராயிருந்த அவரைக் கொடிய மனச்சோர்வு பற்றிக்கொண்டது. தமக்கு ஞானத்தந்தையாக விளங்கிய மருத்துவர் ஸ்வின்பென் என்பவர்க்குத் தம் நிலையை இலத்தீன் மொழியில் விரித்தெழுதி அறிவுரை வேண்டினார். அம்மடலின் அறிவுக் கூர்மையும் நடையழகும் மருத்துவரை மயக்கிவிட்டன. பெருமிதம் மேலிட்டு, அதனை அவர் நண்பர் பலர்க்கும் காட்டினார். தீய எண்ணம் அவருக்கு இல்லை. மாணவன் எழுதிய நல்ல கட்டுரையை ஆசிரியர் பிறருக்குக் காட்டுவதுபோலவே காட்டினார். ஆனால் அது கட்டுரை அன்று. தன் அறிவே தன்னைக் கைவிடுமோ என்று அஞ்சிய இளைஞன் ஒருவனின் கதறல். செய்தி அறிந்த ஜான்சன் மனம் புண்பட்டார். அதன் பின்னர் அவர் ஸ்வின்பென்னுடன் முழுமையாக ஒன்றியதே இல்லை என்று ஸ்வின்பென்னின் மகளே பின்னாளிற் கூறியதாக, ஜான்சனின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாசுவெல் குறிப்பிடுகின்றார். அந்த மகள் வறுமையுற்றபோது ஜான்சன் தம் இல்லத்திலேயே அவருக்கு இடமளித்துக் காத்தார் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1783 சூன் 17 ஆம் நாள் விடியற்காலையில், எழுபத்து மூன்று வயது நிரம்பிய ஜான்சன் தலையில் ஏதோ குழப்பம் தோன்ற விழித்தெழுந்தார். அறிவு போயிற்றோ என்று ஐயுற்று, இறைவனை வேண்டி இலத்தீனிற் சில அடிகள் இயற்றிப் பார்த்தார். அவை சிறப்பாக அமையவில்லை. ஆனால் அவை சிறப்பாக அமையவில்லை என்பது தமக்கு விளங்குவதால் அறிவு பழுதுபடவில்லை என்று தெளிந்தார். பின்னர்ப் பேச முயன்றார், நா எழவில்லை. பொழுது புலர்ந்ததும் எழுதுகோலை எடுத்து, அண்டை வீட்டு நண்பர்க்குப் பேச்சிழந்த செய்தியை எழுதி, தம்மிடம் வருமாறு வேண்டினார். கை தான் நினைத்த எழுத்தை விட்டு வேறெழுத்தை எழுதியதையும் அவர் கவனித்தார். பேச்சு நின்ற வேளையிலும் எழுத்து அவருக்குக் கைகொடுத்தது. நாட்கள் செல்லச் செல்லப் பேச்சும் திரும்பியது.

அவ்வாண்டின் இறுதியில் மூச்சிரைப்பும் நீர்க்கோவையும் அவரைப் படுக்கையிற் கிடத்தின. இலண்டனில் ஹெபர்டன், பிராக்ல்ஸ்பி ஆகிய சிறந்த மருத்துவர்கள் உடனிருந்தும், எடின்பரோவிலிருந்த பாசுவெல்லுக்கு எழுதி, அந்நகர மருத்துவர்களின் கருத்தையும் கேட்டு அனுப்புமாறு அவர் பணித்தார். பாசுவெல், கல்லன், ஹோப், மன்றோ முதலிய பேராசிரியர்கட்கு நோயின் விவரங்களை எழுதினார். 1784 மார்ச்சுத் திங்களில் மறுமொழிகள் வந்தன. அனைவரும் மிகுந்த அன்புடனும் மதிப்புடனும் எழுதினர். அவருள் தாவரவியல் வல்லுநரான ஹோப், ஏதேனும் ஒரு சொல்லின் பொருளுக்காகத் தாம் ஜான்சனை நாடாத நாள் அரிது என்றும், ஆதலால் தம்மிடம் உதவி கேட்கும் உரிமை அவர்க்கு மிகுதி என்றும் கருத்துப்பட எழுதினார். அவர் குறித்தது 1755 இல் வெளிவந்த அகராதியை. கில்லெஸ்பி என்னும் மருத்துவர் விடுத்த அறிவுரையைப் பாராட்டிய ஜான்சன், அதனை இடைக்காலத்தார் இட்ட பெயராலேயே 'கன்சீலியம்' என்று வழங்கினார். இதற்கிடையில் பெப்ருவரித் திங்களிலேயே அவர் உடலிற் கோத்திருந்த நீர் பெருமளவு தானே வடிந்துவிட்டிருந்தது. மடல் போய் வருவதற்குள் நோய் வேறு வழியிற் சென்றுவிட்டது. அவ்வாண்டு திசம்பர் 13 ஆம் நாள் ஜான்சன் மறைந்தார்.

எடின்பரோவில் கல்லன் மடல்களைப் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அவ்வழக்கத்தை மாற்றப்போகும் செயல் ஒன்று வியன்னாவில் முன்னரே நிகழ்ந்துவிட்டிருந்தது. மார்பை விரலால் தட்டி, எழும் ஒலிகொண்டு உள்நோயை அறியும் முறையை அவென்புருக்கர் என்பவர் 1761 இல் நூலாக வெளியிட்டார். அதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1808 இல் கோர்விசார் அந்நூலைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்த பின்னரே அது கவனம் பெற்றது. 1816 இல் பாரிசில் லேனெக், தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் காதுகொடுத்தார். 1819 இல் இதயமானியைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. 1860களில் காய்ச்சலை அளக்கும் சிறு வெப்பமானியும் மருத்துவர் பையில் இடம்பெற்றது. நோயாளி சொல்லாததையும் கருவி சொல்லிற்று. ஆதலால் நோயாளி கருவியின் முன் வந்து நிற்க வேண்டியதாயிற்று. 1840 இல் ஒரு பென்னி அஞ்சல் தலையால் மடல் எழுதுதல் மலிந்தபோதிலும், மடல்வழி மருத்துவம் முன்னைய மதிப்பை மீண்டும் பெறவில்லை. இதில் இழப்பினும் ஆக்கமே பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும், தன் நோயைத் தானே முழுமையாகச் சொல்லும் வாய்ப்பு, நீண்ட மடல் எழுதியவர்க்கு இருந்த அளவு, வரிசையில் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருப்போர்க்கு இல்லை.

கல்லன் 1790 பெப்ருவரி 5 ஆம் நாள் காலமானார். அவரிடம் வந்த மடல்களும் அவர் எழுதிய மறுமொழிகளும் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்களால் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பெற்று, 2015 ஆம் ஆண்டில் இணையத்தில் அனைவரும் காணுமாறு வெளியிடப்பட்டன. வாட்டின் பொறியில் எடுத்த படிகளுட் சில மங்கிவிட்டன. சில தெளிவாக உள்ளன. ஒரே ஒருவர் படிப்பதற்கென அரக்கிட்டு அனுப்பிய வயிற்றுவலியும், உறக்கமின்மையும், மனத்துயரும், மகவுக்காகத் தந்தை எழுதிய வரிகளும் இன்று யார் வேண்டினும் படிக்கக் கிடக்கின்றன.